பெருவிரலும் மடக்கெழுத்தாணியும்

திருப்பதிக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், அருணா நதிக்கரையில், நாராயணவனம் என்னும் ஊர் உள்ளது. நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கல்யாண வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டுள்ள ஊர். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர் சித்தூர் மாவட்டத்திலும் சேர்ந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டத்தோடு அம்மாநிலத்திற்குச் சென்றது. 2022-இல் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது அதன்கண் சேர்ந்தது. எல்லைகள் எத்துணை மாறினும், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் உலவும் ஊர்களுள் அஃதும் ஒன்றாகவே இருந்துவருகிறது.

ஆகாசராசன் என்பான் இவ்வூரிலிருந்து ஆண்டான் என்றும், அவன் மகள் பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் இங்கே மணந்தான் என்றும் தலபுராணம் கூறும். அத்திருமணச் செலவுக்காகப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கினான். கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தான். அக்கடனுக்கு இன்றளவும் வட்டி செலுத்தி வருகிறான். இக்கதையை அறியாத தமிழர் அரியர். கடன் கொடுத்தவன் யார், வாங்கியவன் யார், சாட்சிகள் யாவர் என்று நம் பாட்டிமார் விரல்விட்டுச் சொல்வர். ஆனால் பத்திரம் என்றால் அதை எழுதிய கை ஒன்று இருந்திருக்க வேண்டுமன்றோ? எந்தக் கருவியால், எவ்வாறு பிடித்து, எந்த விரல் நோக எழுதினர் என்று எவரும் கேட்பதில்லை. தெய்வக் கதையில் அவ்வினாவுக்கு இடமில்லை என்று விட்டுவிடலாம். மனிதர் வரலாற்றில் அவ்வாறு விட்டுவிட இயலாது. நம் இலக்கியமும் இலக்கணமும் மருத்துவமும் கணக்கும் காணியுரிமையும் பல நூற்றாண்டுகளாக ஓலையிலே வாழ்ந்தன. அவற்றை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு விரலின் உழைப்பு. அவ்விரல், பலரும் எண்ணுவதுபோல், எழுத்தாணியைப் பிடித்த வலக்கையின் விரல் மட்டுமன்று. இடக்கைப் பெருவிரலுக்கு அதில் செம்பாதிப் பங்கு உண்டு.

ஓலையில் எழுதும் முறையைச் சற்று நோக்குவோம். பனையோலையையோ தாளிப்பனையோலையையோ பதமான பருவத்தில் வெட்டுவர். நரம்பு நீக்கி, உலர்த்தி, வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்ப்பர். பின்பு வேண்டிய அளவுக்கு நறுக்கி, காய்ச்சிய கம்பியால் துளையிட்டுக் கயிறு கோப்பர். மேசையில் வைத்து எழுதும் தாளைப்போல ஓலையை எங்கும் பரப்பி வைப்பதில்லை. இடக்கையின் நான்கு விரல்கள் அதைக் கீழிருந்து தாங்கும். பெருவிரல் மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். வலக்கை எழுத்தாணியைப் பிடிக்கும். எழுத்தாணியின் கூர்முனைக்குச் சற்று மேலே, அதன் தண்டு இடக்கைப் பெருவிரலின் நகத்தைச் சார்ந்து நிற்கும். எழுத்து வலப்புறம் வளர வளர, ஓலை இடப்புறம் நகர்ந்துகொண்டே போகும். எழுத்தாணி விலகாமல் காப்பதும், ஆழம் மிகாமல் தடுப்பதும், வரி கோணாமல் நடத்துவதும் அப்பெருவிரலின் கடமை. நடந்துகொண்டே எழுதவல்ல தமிழ்க் கணக்கர்களைக் கண்டு அயல்நாட்டுப் பயணிகள் வியந்தனர். அவர்களுக்கு மேசையாக இருந்தது இடக்கை. அம்மேசையின் அச்சாக இருந்தது இடக்கைப் பெருவிரல்.

தம் இளமைக்காலப் பள்ளிகளைப்பற்றி எழுதிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942), எழுத்தாணிகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகள் இருந்தமையைக் குறித்துள்ளார். குண்டெழுத்தாணி, தலைப்பக்கம் கனத்துக் குண்டாக இருக்கும். தொடக்க நிலையில் உள்ள மாணவர்க்கு ஏற்றது. வாரெழுத்தாணியின் ஒருமுனை எழுதுவதற்கும், மறுமுனை ஓலையை வாருவதற்கும் பயன்படும். மடக்கெழுத்தாணி இவற்றினும் நுட்பமானது. அதன் பிடியில் எழுத்தாணியும் உண்டு; சிறு கத்தியும் உண்டு. இரண்டும் மடங்கிப் பிடிக்குள் அடங்கும். கத்தி ஓலையின் ஓரத்தைச் சீவும், எழுத்தாணி எழுதும். வேலை முடிந்தபின் மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். கூர்முனை ஆடையையும் கிழிக்காது, உடலையும் குத்தாது.

இக்கருவியை இன்று ஒருவர் கையில் கொடுத்தால், 'இது பேனாக்கத்தி அல்லவா?' என்றே கேட்பார். அவ்வாறு கேட்பதிலும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. மேல்நாட்டில் பறவையின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. பேனா என்னும் சொல்லே இலத்தீன் மொழியில் இறகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகும். இறகின் முனை தேயத் தேய அதைச் சீவுவதற்கு எழுத்தர் ஒவ்வொருவரும் ஒரு சிறு கத்தி வைத்திருந்தனர். அதுவே பேனாக்கத்தி. 19-ஆம் நூற்றாண்டில் எஃகு முனைகள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஏராளமாகச் செய்யப்பட்டபின், இறகு மறைந்தது. இறகு போனபின்னும் கத்தி போகவில்லை, பெயரும் போகவில்லை. பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் பென்சில் சீவவும் நாம் வைத்துக்கொள்ளும் கத்தி இன்றும் பேனாக்கத்தியாகவே வழங்குகிறது. ஆகவே எழுத்துத் தொழிலுக்கு ஒரு சிறு கத்தி துணையாக இருந்தமை கிழக்கிற்கும் மேற்கிற்கும் பொதுவான செய்தியாகும்.

மடக்குக் கத்தி மிகப் பழைய கருவி. ஆஸ்திரியா நாட்டில் ஹால்ஷ்டாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புப் பிடியுள்ள மடக்குக் கத்தி, கி.மு. 600-க்கும் 500-க்கும் இடைப்பட்டதாகக் கருதப்படுகிறது. உரோமானியரும் மடக்குக் கத்திகளை வைத்திருந்தனர். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து ராம்பூர் நகரின் பெயர் அங்குச் செய்யப்படும் மடக்குக் கத்தியாலேயே பல மொழித் திரைப்படங்களிலும் ஒலித்தது. இக்கத்திகளில் பலவற்றின் அலகில், முதுகுப்பக்கமாக, ஒரு சிறு பள்ளம் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது நகக்குழி. பெருவிரலின் நகத்தை அதில் மாட்டி இழுத்தால் அலகு வெளியே வரும்.

இங்கே ஒரு வியப்பான ஒற்றுமையைக் காணலாம். மேல்நாட்டுக் கத்தியில் நகத்துக்காக அலகில் குழி செய்தனர். தமிழ்நாட்டு ஏடெழுதுவோருள் சிலரோ எழுத்தாணிக்காக நகத்திலேயே குழி செய்துகொண்டனர். இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறைபோல ஒரு துளை செய்து, எழுத்தாணியை அத்துளையில் பொருத்தி எழுதினர். எழுத்தாணி வழுக்காது நிற்க அஃது உதவியது. அங்கே கருவி விரலுக்கு இசைந்தது. இங்கே விரலே கருவிக்கு இசைந்து கொடுத்தது. உடம்பின் ஓர் உறுப்பைத் தொழிற்கருவியின் ஓர் உறுப்பாக மாற்றிக்கொண்ட அவ்வெழுத்தரை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

கருவிக்கு இசைந்து கொடுக்கும் விரல் நோகாமல் இருக்குமா? மடக்குக் கத்தியை ஒரே கையால் விரிப்பவர்க்கு இதன் விடை நன்கு தெரியும். ஒருகையில் கயிறோ பெட்டியோ கிளையோ இருக்க, மற்றக் கையின் பெருவிரலால் அலகைத் தள்ளித் திறக்கவேண்டிய தேவை தொழிலாளர்க்கு அடிக்கடி ஏற்படும். அதற்காகவே அலகில் வட்டத் துளையிட்ட கத்தியை அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் வெளியிட்டது. பின்னர் அலகில் சிறு குமிழ் பதித்த கத்திகளும் பெருகின. துளையானாலும் குமிழானாலும், ஒருநாளில் பலமுறை திறந்து மூடுவோர்க்குப் பெருவிரல் நுனியின் தோல் கன்றிச் சிவக்கும், நாளடைவில் தடிக்கும், சிலர்க்கு விரலின் அடிமூட்டே நோகத் தொடங்கும். கத்தி சிறியது, விசையும் சிறியது, ஆயினும் வலி பெரிது. இதன் காரணம் யாது?

பெருவிரல் மற்ற நான்கு விரல்களைப் போன்றதன்று. அதன் அடியில் உள்ள மூட்டு, ஒரு குதிரைச் சேணத்தின்மேல் மற்றொன்றைக் குறுக்காகக் கவிழ்த்து வைத்தாற்போன்ற அமைப்புடையது. அதனாலேயே பெருவிரல் எத்திசையும் வளைந்து, எதிர்நின்று, மற்ற விரல்களைத் தொட வல்லதாகிறது. பற்றுதல், கிள்ளுதல், எழுதுதல், முடிச்சிடுதல் ஆகிய எல்லாம் அம்மூட்டின் அருளால் நிகழ்வன. ஆனால் அவ்வுரிமைக்கு அது விலை கொடுக்கிறது. நுனியில் நாம் ஒரு பங்கு விசையுடன் அழுத்தினால், அடிமூட்டில் அவ்விசை பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகித் தாக்குகிறது என்று கையின் இயக்கத்தை ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். மேலும், பெருவிரலை இயக்கும் நாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறையினூடே செல்கின்றன. ஓயாமல் ஒரேவகையாக அசைத்தால் அவ்வுறை வீங்கி நாண்களை நெருக்கும். சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் பிரிட்ஸ் டி குவெர்வென் 1895-இல் இந்நோயை விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

எழுதுவோரின் நோயைத் தனி நோயாகக் கண்டு எழுதிய பெருமை இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினியைச் சாரும். தொழிலாளர் நோய்களைப்பற்றி அவர் எழுதிய நூல் 1700-இல் முதலில் வெளிவந்தது. 1713-இல் வந்த விரிந்த பதிப்பில் எழுத்தரையும் பத்திரம் எழுதுவோரையும் பற்றிய பகுதியைச் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரேவகையாக இடைவிடாது அசைத்தல், பிழை நேராமல் இருக்கவேண்டுமே என்று மனத்தை இறுக்கிக்கொள்ளுதல் என்று மூன்று காரணங்களை அவர் காட்டினார். பத்திரம் எழுதும் ஒருவர் வலக்கை ஓய்ந்துபோக, இடக்கையால் எழுதப் பழகினார் என்றும், சிறிது காலத்தில் அக்கையும் அதே நோய்க்கு இரையாயிற்று என்றும் அவர் எழுதியுள்ளார்.

அதே காலத்தில் தமிழ்நாட்டின் கடற்கரையில் தரங்கம்பாடியில் நிகழ்ந்ததையும் காண்போம். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். 1708-இல் தாம் தொகுத்தவற்றுக்கு ஒரு பட்டியலே எழுதினார். விலைக்குக் கிடைக்காத சுவடிகளைப் பார்த்து எழுதுவதற்குத் தமிழ் எழுத்தர்களை ஊதியத்துக்கு அமர்த்திக்கொண்டார். பட்டியலில் நூற்பெயர்கள் உள்ளன. எழுதிக்கொடுத்த விரல்கள் பட்டியலில் இடம்பெறும் பொருள்கள் அல்ல. ராமசினி போன்ற ஒரு மருத்துவர் தரங்கம்பாடித் திண்ணையில் வந்தமர்ந்து அவ்வெழுத்தரின் இடக்கையைப் பிடித்துப் பார்த்திருந்தால், அவருடைய நூலுக்கு இன்னும் ஒரு பகுதி கூடியிருக்கும்.

நம் நாட்டு எழுத்தர்கள் முற்றிலும் வாய்மூடி இருந்துவிடவில்லை. முதுகு வளைந்தது, இடுப்பு ஒடிந்தது, கழுத்து நொந்தது, பார்வை தாழ்ந்தது. இத்துணைத் துன்பத்துடன் எழுதிய நூலை அருமையாகக் காப்பாற்றுங்கள் என்னும் கருத்தமைந்த வடமொழி வாசகத்தை ஏட்டின் முடிவில் எழுதிவைப்பது இந்தியா முழுவதும் பரவிய வழக்கமாக இருந்தது. எண்ணெயிலிருந்தும் நீரிலிருந்தும் தளர்ந்த கட்டிலிருந்தும் மூடர் கையிலிருந்தும் இந்நூலைக் காக்க வேண்டும் என்னும் வேண்டுகோளும் உடன் வருவதுண்டு. எழுதும் தொழிலுக்கு ஓய்வும் வகுக்கப்பட்டிருந்தது. உவா, அட்டமி முதலிய நாள்களில் திண்ணைப் பள்ளிகளில் பாடம் நடவாது. சரசுவதி பூசையன்று சுவடியும் எழுத்தாணியும் பூசையில் அமரும். அன்று படித்தலும் இல்லை, எழுதுதலும் இல்லை. கலைமகளுக்குச் செய்யும் வழிபாடு பெருவிரலுக்குக் கிடைக்கும் விடுமுறையாகவும் அமைந்தது.

நாராயணவனத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் புத்தூர் இருக்கிறது. எலும்பு முறிந்தவர்க்கு மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்துக் கட்டும் 'புத்தூர்க் கட்டு' தமிழ்நாடெங்கும் தெரிந்த பெயராகும். கை பிசகியவரும் கால் முறிந்தவரும் எல்லை கடந்து அங்குச் செல்வதைப் பல தலைமுறைகளாகக் காண்கிறோம். முறிவுக்குக் கட்டு உண்டு. ஆனால் ஏடெழுதுவோனின் நோவு ஒருநாள் வீழ்ந்து முறிந்ததனால் வருவதன்று. ஆயிரம் நாள் அசைத்துத் தேய்ந்ததனால் வருவது. அதற்குரிய முதல் மருந்து ஓய்வு. அன்றாட ஊதியத்துக்கு எழுதுவோர்க்கு அம்மருந்தே மிக அரிதாகக் கிடைத்தது.

இவ்வுழைப்பு எத்துணைப் பெரியது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓலையை நம் நாட்டு வெப்பமும் ஈரமும் செல்லும் அரித்துவிடும். சில நூற்றாண்டுகளுக்கு மேல் அது தாங்குவது அரிது. ஓர் ஏட்டுக்கு முந்நூறு ஆண்டு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பாட்டு ஒன்று நம் கைக்கு வருவதற்குள் ஆறு, ஏழு முறையேனும் பெயர்த்தெழுதப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் இன்னும் பலமுறை எழுதப்பட்டிருக்கும். ஏதேனும் ஒரு தலைமுறையில் ஒருவர் 'கை நோகிறது, இனி இயலாது' என்று எழுத்தாணியை மடக்கி வைத்திருந்தால், அந்த நூல் அன்றோடு முடிந்திருக்கும். அவ்வாறு முடிந்த நூல்கள் பல. அவற்றின் பெயரை மட்டும் உரையாசிரியர்கள் வாயிலாக அறிகிறோம். சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டு வழங்கினாரெனின், அவர் ஊர் ஊராகத் தேடிச் சென்றபோது அங்கே ஓலை இருந்தது. ஓலை இருந்ததற்குக் காரணம், பெயரறியா ஒருவர் தம் விரல் நோவைப் பொறுத்துக்கொண்டு அதை எழுதி வைத்தமையே.

பெயரறியா என்று சொன்னேன். ஆனால் பெயர் தெரிந்த எழுத்தும் உண்டு. அதைக் காண நாராயணவனத்திலிருந்து திருமலைக்கே செல்லலாம். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளை 1930-களில் தேவஸ்தானம் பல தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். அறக்கட்டளை வைத்தவர் யார், எவ்வளவு பொன், எந்தத் திருநாளுக்கு எத்தனை தளிகை என்றெல்லாம் கூறியபின், இறுதியில் கோயில் கணக்கனான திருநின்றவூர் உடையான் எழுத்து இது என்று முடிப்பது அவற்றுள் பலவற்றின் வழக்கம். திருநின்றவூர் இன்றைய சென்னைக்கு மேற்கே உள்ள ஊர். அவ்வூரைப் பெயரில் தாங்கிய கணக்கர் மரபு, வேங்கடமலையின் அடியில் தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கிறது. அரசனும் வள்ளலும் பேரேடு பெற்ற கல்லில், எழுதியவனுக்கும் ஒரு வரி கிடைத்தது. அக்காலத்தில் ஒருவர் பெயரின்பின் 'எழுத்து' என்று வருமாயின், அஃது அவருடைய கையொப்பமாகும், பொறுப்புமாகும்.

எழுதத் தெரியாதவர்கள் என் செய்தனர்? அவர்கள் தமக்குரிய ஒரு குறியைக் கீறினர். அதுவே தற்குறி, அதாவது தன் குறி. எழுத அறிந்த மற்றொருவர், இஃது இன்னாருடைய தற்குறி என்று அதன் பக்கத்தில் சான்று எழுதினார். அதற்குத் 'தற்குறி மாட்டெறிதல்' என்று பெயர். எத்துணை மதிப்பான ஏற்பாடு! எழுதத் தெரியாமை ஒருவருடைய காணியையோ சொல்லையோ செல்லாததாக்கவில்லை. அண்டை வீட்டார் ஒருவர் கைகொடுத்தால் போதும். அச்சொல் இன்று வசைச் சொல்லாக இழிந்துவிட்டது. குறி மறைந்து இகழ்ச்சி மட்டும் நின்றுவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் தாளும் மையும் எஃகு முனையும் நாடெங்கும் பரவின. கடப்பையில் சார்லஸ் பிலிப் பிரவுன் என்னும் ஆங்கில அதிகாரி, தம் சொந்தச் செலவில் பண்டிதர்களையும் எழுத்தர்களையும் அமர்த்தி, தெலுங்குச் சுவடிகளை ஒப்புநோக்கித் தாளில் எழுதச் செய்தார். 1835-இல் அச்சகச் சட்டம் தளர்ந்தபின் நாட்டவர் நடத்தும் அச்சகங்கள் பெருகின. தாளை மேசைமேல் வைத்து எழுதலாம். இடக்கை அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பல நூறு ஆண்டுகள் தமிழ் எழுத்தைத் தாங்கிய இடக்கைப் பெருவிரல் இரண்டு மூன்று தலைமுறைக்குள் வேலையிழந்தது. நகத்தில் இருந்த பிறை வளர்ந்து மறைந்தது. மடக்கெழுத்தாணி பெட்டிக்குள் போயிற்று.

விதியின் விளையாட்டு, வேலையிழந்த அவ்விரலுக்கு விரைவிலேயே மற்றொரு வேலை கிடைத்தது. 1858-இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பின்புறத்தில் அவருடைய கையை மையில் தோய்த்துப் பதியச் செய்தார். அதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சியின் பயனாக, 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகை நிலையம் அமைந்தது. அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டனர். பின்னர் எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைக்கும் வழக்கம் எங்கும் நிலைத்தது. அதிலும் பெரும்பாலும் இடக்கைப் பெருவிரல்! எழுதுவோரின் அடையாளமாக இருந்த விரல், எழுதாதோரின் அடையாளமாயிற்று. 'கைநாட்டு' என்று ஒருவரை ஏளனம் செய்யும்போது, நம் முன்னோர் தம் நூல்களையெல்லாம் எழுதுவதற்கு ஊன்றிய விரலைத்தான் நாம் ஏளனம் செய்கிறோம் என்பது நினைவிற்கு வருவதில்லை.

இன்று நிலைமை மேலும் மாறியுள்ளது. பதிவுச் சட்டத்தில் 2001-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சொத்து மாற்றும் பத்திரத்தில் கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே விரல் ரேகை பதிக்க வேண்டும். 2010 முதல் வழங்கப்படும் ஆதார் அடையாள எண்ணும் விரல் ரேகையை நம்பி நிற்கிறது. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கவும் கருவியின்மேல் விரலை வைக்கவேண்டியிருக்கிறது. அங்கேதான் பழைய துன்பம் புதிய வேடத்தில் வருகிறது. தறியில் நூலை முடிப்பவர், செங்கல் சுமப்பவர், பாத்திரம் துலக்குபவர், கல் உடைப்பவர் ஆகியோரின் விரல்களில் ரேகை தேய்ந்துவிடுகிறது. உழைத்த விரலைக் கருவி அடையாளம் கண்டுகொள்ளாமல் மறுக்கிறது. கண்மணியைப் படமெடுத்தும், தொலைபேசிக்கு வரும் எண்ணைக் கூறியும் அடையாளம் காட்டும் மாற்று வழிகள் இன்று உண்டு. வேற்று மாநிலங்களில் உடலுழைப்பால் வாழும் நம் தமிழ்ச் சகோதரர்கள் அவ்வழிகளைக் கேட்டுப் பெறுவது அவர்தம் உரிமை. தேய்ந்த விரல் குற்றமன்று. அஃது ஒருவர் செய்த வேலையின் சுவடு.

சுவடு என்னும் சொல்லையும் சுவடி என்னும் சொல்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பதிந்த அடையாளம். மற்றொன்று எழுதிய ஏடு. ஏட்டில் பதிந்தது எழுத்தின் சுவடு. எழுதியவன் விரலில் பதிந்தது எழுத்தாணியின் சுவடு. முன்னதைக் காத்தோம், பின்னதை மறந்தோம்.

இம்மறதியால் ஓர் இழப்பும் நேர்கிறது. நேயர்களுள் பலர் டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும், நாராயணவனம் போன்ற எல்லையூர்களிலும் வாழ்கிறீர்கள். ஊரிலுள்ள பழைய வீட்டை விற்கும்போதோ இடிக்கும்போதோ, பரணிலிருந்த பெட்டிகள் தெருவுக்கு வருகின்றன. ஓலைக்கட்டு வந்தால், 'ஏதோ பழைய சுவடி' என்று யாரேனும் ஒருவராவது எடுத்து வைப்பர். ஆனால் துருப்பிடித்த மடக்கெழுத்தாணி வந்தால், அது பழைய பேனாக்கத்தி என்று எண்ணி இரும்பு விலைக்குப் போட்டுவிடக்கூடும். பிடியைத் திருப்பிப் பாருங்கள். கத்தியோடு மெல்லிய கூரான ஆணி ஒன்றும் மடங்கியிருந்தால், அஃது உங்கள் குடும்பத்தில் ஒருவர் கணக்கராகவோ மருத்துவராகவோ புலவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்ததற்குச் சான்றாக இருக்கலாம். துருவினால் இறுகிய அதை வலிந்து திறக்க வேண்டாம். கருவியும் முறியும், பெருவிரலும் நோகும். சுவடிகளையும் எண்ணெய் தடவியோ நீரில் கழுவியோ தூய்மை செய்ய முற்படவேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் உள்ளன. தஞ்சையில் சரசுவதி மகால் உள்ளது. திருப்பதியில், 1939-இல் தேவஸ்தானம் தொடங்கி 1956-இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இத்தகைய இடங்களில் உள்ள அறிஞர்களைக் கேட்டபின் அவற்றைத் தொடுவது நலம்.

இறுதியாக ஒன்று. இந்நாளில் தமிழை எழுதுவோரில் பெரும்பாலோர் எதைக்கொண்டு எழுதுகிறார்கள்? கைப்பேசியை உள்ளங்கையில் தாங்கி, நான்கு விரல்கள் கீழிருக்க, மேலிருந்து பெருவிரலால் எழுதுகிறார்கள். நடந்துகொண்டே எழுதுகிறார்கள். நெடுநேரம் எழுதியபின் பெருவிரலின் அடிமூட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறார்கள், மருத்துவரிடமும் செல்கிறார்கள். மேசை மீண்டும் கையாயிற்று. எழுத்தின் பொறுப்பு மீண்டும் பெருவிரலுக்கு வந்துவிட்டது. தொலைவிலுள்ள ஊரிலிருந்து தாய்க்கும் தமக்கைக்கும் தமிழில் நான்கு வரி எழுதும் விரல், ஓலைக்காலத்து எழுத்தர் விரலின் வழித்தோன்றலே. அது நோகும்போது சற்று ஓய்வு கொடுங்கள். ஓய்ந்தபின் மீண்டும் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளின் விரலுக்கும் அவ்வெழுத்தைப் பழக்குங்கள்.